ரிப்போர்ட்டர், இளைஞர் வழிகாட்டி, எழுத்து வாத்தியார்: ஒரே ஆள் மூணு வேலையும் பார்த்தது எப்படி?

ஒரு ரெஸ்யூமே. முதல் வரியில் எஃகு ஆலைத் தொழிலாளி. அடுத்து தினசரிப் பத்திரிகையில் கிரைம் ரிப்போர்ட்டர். அதற்குப் பிறகு கேங்குகளில் சிக்கிய இளைஞர்களுக்கு வழிகாட்டி. கடைசியாக, சிறைக் கைதிகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்.

இதைப் பார்க்கும் எந்த எச்.ஆரும், "ஏங்க, ஒரு இடத்துல நிலையா இருக்க மாட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்.

இது கற்பனை ரெஸ்யூமே இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சேர்ந்த எழுத்தாளர் லூயிஸ் ஜே. ரோட்ரிகஸின் வாழ்க்கை இது. 2014 முதல் 2016 வரை அந்த மாநகரின் அதிகாரபூர்வக் கவிஞராகவும் இருந்தவர். வெளியே இருந்து பார்த்தால் துறை விட்டுத் துறை தாவியவர் போலத் தெரியும். உண்மையில் அவர் கையில் வைத்திருந்தது ஒரே ஒரு திறமை. அது என்ன? வேலைக்கு வேலை அது எப்படி மாறியது?

யார் இந்த ரோட்ரிகஸ்?

1954-ல் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் பிறந்தவர். குடும்பம் மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே பள்ளித் தலைமையாசிரியராக இருந்த அப்பா, அமெரிக்கா வந்த பிறகு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பராமரிப்பு வேலை பார்த்தார்.

பள்ளியில் சேர்ந்தபோது சிறுவன் ரோட்ரிகஸுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். ஆங்கிலம் வராத பையனை வகுப்பின் பின்னால் உட்காரவைத்து, விளையாட மரக்கட்டைகளைக் கொடுத்துவிட்டார்கள். வாய் திறந்து தன் மொழியில் பேசினால் தண்டனை. பேசத் தெரிந்தும் பேச முடியாத அந்த நிலையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் பார்த்த மூன்று வேலைகளும் வாயடைத்துப்போனவர்களைப் பேசவைக்கும் வேலைகள்தான்.

11 வயதில் கேங். அதை ஒட்டியே போதை. 15 வயதில் பள்ளியை விட்டும் வீட்டை விட்டும் வெளியே. 18 வயதுக்குள் 25 நண்பர்களை இழந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். கேங் சண்டை, போலீஸ் துப்பாக்கி, போதை, தற்கொலை என்று காரணங்கள் வேறு வேறு.

அதிலிருந்து எப்படி வெளியே வந்தார்?

ஒரே நாளில் திருந்திய கதை இல்லை இது. அந்தப் பகுதியில் இளைஞர் மையம் நடத்தியவர்கள், மெக்சிகோ வம்சாவளியினரின் உரிமை இயக்கத்தில் இருந்தவர்கள் என்று சில பெரியவர்கள் அவரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். சுவரோவியம் வரையக் கற்றுக்கொண்டார். நூலகத்தில் நிறைய வாசித்தார்.

1970 ஆகஸ்ட் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் வியட்நாம் போருக்கு எதிராக ஒரு பெரிய பேரணி நடந்தது. அதில் கைதானவர்களில் 16 வயது ரோட்ரிகஸும் ஒருவர். அதே நாளில் ரூபன் சலாசர் என்ற பத்திரிகையாளர், காவல் அதிகாரி ஒருவர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்து இறந்தார். மெக்சிகோ வம்சாவளி மக்களின் பிரச்சினைகளை 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' போன்ற பெரிய பத்திரிகையில் எழுதிவந்தவர் அவர். நம் ஏரியாவைப் பற்றி எழுதும் ரிப்போர்ட்டர் ஒருவர் இருப்பதும் இல்லாமல்போவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தலைமுறைக்குப் புரிந்த நாள் அது.

18 வயதில் ஒரு வழக்கில் அவருக்குப் பல ஆண்டு சிறைத் தண்டனை கிடைக்க வேண்டியது. ஊர்க்காரர்கள் நீதிமன்றத்துக்கு ஆதரவுக் கடிதங்கள் எழுதினார்கள். தண்டனை குறைந்தது. அதன் பிறகு கேங்கையும் போதையையும் விட்டார்.

ஆலையிலிருந்து பத்திரிகைக்கு வந்தது எப்படி?

அடுத்த சில ஆண்டுகள் முழுக்க உடல் உழைப்பு. எஃகு ஆலை, காகித ஆலை, வார்ப்பட ஆலை, லாரி, தச்சு வேலை. கல்யாணம், குழந்தைகள், வாடகை எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான்.

1980 வாக்கில் பாதையை மாற்றினார். இரவு வகுப்பில் சேர்ந்தார். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் வார இதழ்களுக்குச் செய்தி எழுதினார், படமும் எடுத்தார். சிறுபான்மைச் சமூகங்களிலிருந்து பத்திரிகையாளர்களை உருவாக்க பெர்க்லியில் நடந்த கோடைக்காலப் பயிற்சியில் இடம் கிடைத்தது. அதை முடித்ததும் 'சான் பெர்னார்டினோ சன்' நாளிதழில் வேலை. குற்றம், விபத்து, பேரிடர் ஆகியவை அவருடைய பீட்.

கிரைம் பீட் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வேலை எதைக் கற்றுக்கொடுக்கும் என்று. சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதைக் கேட்க வேண்டும். பெயர், வயது, தெரு, நேரம் என ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். டெட்லைனுக்குள் கொடுத்தாக வேண்டும். அப்படி ஓடியலைந்து எழுதினாலும், கைதான பையன் நாளிதழில் ஆறு வரிதான். பெயர், வயது, குற்றம். அவன் ஏன் அங்கே நின்றான் என்ற கேள்விக்கு அந்த ஆறு வரியில் இடம் இருக்காது.

1985-ல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். ஒரு இடதுசாரிப் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பு, செய்தி வானொலியில் எழுத்துப் பணி என்று இதழியல் தொடர்ந்தது. கவிதை நூல்களை வெளியிட 1989-ல் 'தியா சுச்சா' என்ற பதிப்பகத்தையும் தொடங்கினார்.

இளைஞர் வழிகாட்டி வேலை எங்கிருந்து வந்தது?

வீட்டுக்குள்ளிருந்து வந்தது. சிகாகோவில் வளர்ந்த மூத்த மகன் 15 வயதில் ஒரு கேங்கில் சேர்ந்தான். அப்பா தப்பித்து வந்த அதே குழியில் மகன் இறங்கிவிட்டான்.

ரோட்ரிகஸ் பதின்ம வயதில் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கி, பாதியில் விட்டிருந்தார். மகனுக்குச் சொல்வதற்காக அதை மறுபடி கையில் எடுத்தார். அதுதான் 1993-ல் வந்த 'ஆல்வேஸ் ரன்னிங்'. கேங் வாழ்க்கையைப் பூசி மெழுகாமல், உபதேசமும் செய்யாமல் சொன்ன நினைவுக் குறிப்பு. உள்ளதை உள்ளபடி எழுதியதாலேயே பல பள்ளி நூலகங்களில் அதை எடுக்கச் சொல்லிப் புகார்கள் வந்தன. அதே புத்தகத்தைத்தான் ஆயிரக்கணக்கான பதின்ம வயதினர் தேடிப் படித்தார்கள்.

1994-ல் சிகாகோவில் இளைஞர்களையும் பெற்றோர்களையும் சேர்த்துக்கொண்டு 'யூத் ஸ்ட்ரக்ளிங் ஃபார் சர்வைவல்' என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் செய்தது மனநல மருத்துவர் அறையில் நடக்கும் சிகிச்சை இல்லை. எதிரெதிர் கேங் பையன்களை ஒரே வட்டமாக உட்காரவைப்பது, பேசவிடுவது, கேட்பது, நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கும் கூடப் போவது. சிறுவயதில் அவருக்கு அந்தப் பெரியவர்கள் செய்ததை இப்போது அவர் திருப்பிச் செய்தார்.

சரி, புத்தகம் மகனைக் காப்பாற்றியதா?

இல்லை. இந்தக் கதையில் எளிதாகத் தாண்டிப்போக முடியாத இடம் இது.

1990-களின் பிற்பகுதியில் கொலை முயற்சி வழக்கில் மகனுக்கு 28 ஆண்டு சிறை. ஊர் ஊராகப் போய் மற்றவர் பிள்ளைகளுக்கு வழிகாட்டிய அப்பா, தன் மகனைப் பார்க்கச் சிறை வாசலில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 13 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு 2010-ல் மகன் வெளியே வந்தார். 2011-ல் வெளியான 'இட் கால்ஸ் யூ பேக்' நூலில் ரோட்ரிகஸ் இதை மறைக்கவில்லை. தன் குடிப்பழக்கம், முறிந்த திருமணங்கள், மகனுக்குத் தேவைப்பட்ட வயதில் தான் பக்கத்தில் இல்லாதது எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்.

ஆலோசனை சொல்வதால் முடிவு நம் கைக்கு வந்துவிடாது. நம் கையில் இருப்பது, முடிவு எப்படி இருந்தாலும் அந்த ஆளை விடாமல் இருப்பது மட்டும்தான். மகன் விஷயத்தில் அவர் செய்தது அதைத்தான்.

சிறைக்குள் ஏன் எழுத்து வகுப்பு?

2000-ல் லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பியவர், மனைவியோடு சேர்ந்து நகரின் வடக்கே ஒரு பண்பாட்டு மையத்தைத் தொடங்கினார். புத்தகக் கடை, இசை வகுப்பு, எழுத்துப் பட்டறை எல்லாம் ஒரே கூரையின் கீழ். பதிப்பகத்துக்கு வைத்த அதே பெயரே மையத்துக்கும். 'சுச்சா' அவருடைய அத்தைகளில் ஒருவர். கவிதையும் பாட்டுமாகத் தன் போக்கில் வாழ்ந்ததால், குடும்பத்தில் கொஞ்சம் விசித்திரமானவர் என்று பெயரெடுத்தவர்.

அதோடு சிறைகளிலும் சிறார் சீர்திருத்த இல்லங்களிலும் பல பத்தாண்டுகளாக எழுத்துப் பயிற்சி கொடுத்துவருகிறார். லாங்காஸ்டரில் உள்ள அதிபாதுகாப்புச் சிறையும் அதில் ஒன்று.

யோசித்துப் பாருங்கள். ஒரு கைதியைப் பற்றி போலீஸ் எழுதியிருக்கும், வக்கீல் எழுதியிருப்பார், ரிப்போர்ட்டர் எழுதியிருப்பார். அவர் தன்னைப் பற்றித் தானே எழுதிய காகிதம் ஒன்றுகூட இருக்காது. வகுப்பில் முதல் முறையாகப் பேனா அவர் கைக்கு வருகிறது.

எழுதினால் மனசு லேசாகும்னு சொல்றாங்களே, உண்மையா?

ஓரளவுக்கு. 1986-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், கல்லூரி மாணவர்களிடம் ஒரு ஆய்வு செய்தார். நாலு நாள், தினமும் 15 நிமிடம். ஒரு பிரிவினர் தங்களை உலுக்கிய சம்பவத்தை எழுத வேண்டும், இன்னொரு பிரிவினர் சாதாரண விஷயங்களை. சம்பவத்தோடு அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் உடம்பு சரியில்லை என்று சுகாதார மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால், எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனசு இன்னும் கனத்துத்தான் போனது.

2006-ல் இத்தகைய 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த விடை: பலன் உண்டு, ஆனால் சிறியது. அதனால் எழுத்தை ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம், சிகிச்சைக்கு மாற்றாக அல்ல. தீவிர மன அழுத்தம் இருப்பவர் பயிற்சி பெற்ற நிபுணரிடம்தான் போக வேண்டும்.

மூணுக்கும் பொதுவானது எது? மாறுவது எது?

பொதுவானது கேட்பது. குறுக்கே பேசாமல், தீர்ப்பு சொல்லாமல், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டு, எதிரில் இருப்பவரை முழுசாகச் சொல்லவைப்பது.

மாறுவது, அந்தக் கதை யாருக்குச் சொந்தம் என்பது.

ரிப்போர்ட்டர் கேட்கும் கதை வாசகருக்குப் போகிறது. "நான் பத்திரிகையிலிருந்து வர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னதை அப்படியே நம்பாமல் சரிபார்க்க வேண்டும்.

ஆலோசகர் கேட்கும் கதை அந்த அறையைத் தாண்டக் கூடாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஆதாரம் கேட்டுக் குடைய முடியாது.

எழுத்து ஆசிரியர் கேட்கும் கதை மாணவருடையது. எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது, யாரிடம் காட்டுவது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். "உன் வாழ்க்கையில நடந்த பெரிய சோகத்தை எழுது" என்று கட்டாயப்படுத்தும் ஆசிரியர், வகுப்பை விசாரணை அறையாக்கிவிடுகிறார்.

இந்த மூன்று விதிகளையும் குழப்பிக்கொண்டால் நஷ்டம் எதிரில் இருப்பவருக்குத்தான். நம்பிச் சொன்ன ரகசியம் செய்தியாகிவிடும். இல்லையென்றால், செய்தியாக வேண்டிய உண்மை அனுதாபத்தில் அமுங்கிப்போகும்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

துறை மாற யோசிப்பவர்கள் பொதுவாக, "இத்தனை வருஷ அனுபவமும் வீணா?" என்று பயப்படுவார்கள். பதவியின் பெயரைப் பார்த்தால் அந்தப் பயம் நியாயம்தான். அந்த வேலையில் தினமும் நிஜமாக என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கேட்டேன், சரிபார்த்தேன், சிக்கலானதை எளிமையாகச் சொன்னேன், கோபமாக வந்தவரைச் சமாளித்தேன். இந்த வினைச்சொற்கள் அடுத்த வேலைக்கும் உங்களோடு வரும்.

வராதது அந்தத் துறையின் விதிகள். அவற்றைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். நல்லாக் கேட்கத் தெரிந்தவர் என்பதற்காக ஒருவர் கவுன்சலர் ஆகிவிட முடியாது. அதற்குப் படிப்பும், மூத்தவரின் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். ரோட்ரிகஸும் ரிப்போர்ட்டர் ஆவதற்கு முன், இரவு வகுப்பில் போய் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 25-ஐத் தாண்டியிருந்தது.