பொடுகாரே, போய்வாரும்!

கறுப்புச் சட்டை போடுவதற்குக் கொள்கை வேண்டும் என்பார்கள். கொள்கை மட்டும் போதாது ஸார், பொடுகில்லாத தலையும் வேண்டும்!

காலையில் குளித்து, பவுடர் போட்டு, அயர்ன் பண்ணின கருநீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தோளிலும் உப்புமா கிளறுகிற அளவுக்கு ரவை! பக்கத்து சீட்டுக்காரர் அக்கறையாகத் தட்டிவிடுவார் பாருங்கள், அதைவிட அவமானம் வேறில்லை. போதாக்குறைக்கு, மானேஜர் எதிரே நிற்கும்போதுதான் மண்டை அரிக்கும். சொறிந்தால் மரியாதை போச்சு. சொறியாவிட்டால் உயிர் போச்சு. பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரித் தட்டை நீட்டும்போது அரித்தால்... வேண்டாம், விடுங்கள்.

முதலில் ஒரு ஆறுதல். நீங்கள் தனி ஆள் இல்லை. வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தத் தொல்லையை அனுபவித்தவர்கள்தான். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். மீசை அரும்புகிற வயசில் ஆரம்பித்து, இருபதுகளில் உச்சத்துக்குப் போய், ஐம்பதுக்கு மேல் தானாகவே குறையும். ஐம்பது வரை பொறுமையாகக் காத்திருக்கலாம்தான். அதுவரை தலையில் முடி காத்திருக்குமா என்பது வேறு கேள்வி!

வாடகை தராத குடித்தனக்காரர்

'தலையைச் சுத்தமா வெச்சுக்கோடா, பொடுகு வராது' என்று அம்மா சொல்வார். அம்மா சொன்னால் மறுபேச்சுக் கூடாது. ஆனால் அசுத்தம் பொடுகுக்குக் காரணம் இல்லை.

காரணம், மலசேஷியா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1874-ல் மலசே என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி பொடுகுச் செதில்களில் இதைப் பார்த்து விவரித்தார். அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. பாவம், எத்தனையோ பேர் கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொள்கிறார்கள். இவர் பெயர் நம் மண்டையில்!

இந்தப் பூஞ்சை பொடுகுக்காரர் தலையில் மட்டும் இல்லை, எல்லார் தலையிலும் இருக்கிறது. உங்கள் மானேஜர் தலையிலும் இருக்கிறது. 2007-ல் இதன் ஒரு வகைக்கு ஜீன் வரைபடமே போட்டார்கள். அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. உயிர் வாழத் தேவையான கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ளும் வசதி இதற்குக் கிடையாது. அடுத்த வீட்டு எண்ணெயில் வடை சுடும் ஆசாமி! நம் தலைத் தோலில் சுரக்கும் எண்ணெயைப் பிரித்து, தனக்கு வேண்டியதை மட்டும் சாப்பிட்டுவிட்டு, எச்சிலை இலையை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறது. அந்த எச்சிலையில் முக்கியமானது ஓலிக் அமிலம்.

சிலருடைய தோல் இதைக் கண்டுகொள்வதில்லை. சிலருடைய தோலோ 'ஆபத்து, ஆபத்து' என்று அலறுகிறது. அரிப்பு வருகிறது. பழைய தோலை அவசர அவசரமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுத்தோல் வளர்க்கிறது. வழக்கமாக ஒரு மாசம் போல எடுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு செல்லாக உதிரவேண்டிய தோல், கூட்டம் கூட்டமாய் ஒட்டிக்கொண்டு உதிர்கிறது. அதுதான் உங்கள் தோளில் விழும் ரவை.

ஆகவே, பொடுகு தொற்றுநோய் இல்லை. ரூம்மேட்டிடமிருந்து ஒட்டிக்கொள்ளாது. 'இவன் சீப்பால்தான் எனக்கு வந்தது' என்று மேன்ஷனில் நடக்கும் வழக்குகளையெல்லாம் தள்ளுபடி செய்துவிடலாம். (பேன், படர்தாமரை விஷயத்தில் அந்த வழக்கு நிற்கும். சீப்பைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்!)

எண்ணெய் விவகாரம்

'தலை வறண்டு போச்சு, அதான் பொடுகு. எண்ணெய் வை!' இது நம் வீடுகளில் ஒருமனதாக நிறைவேற்றப்படும் தீர்மானம். எண்ணெய் வைத்ததும் செதில் தலையோடு ஒட்டிக்கொள்கிறது, உதிர்வதில்லை. ஆஹா, குணமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளியிருக்கிறோம், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் பலவும் அந்தப் பூஞ்சைக்கு இஷ்டமான சாப்பாடு. ராத்திரி எண்ணெய் தடவிக்கொண்டு தூங்குவது, குடித்தனக்காரருக்கு வாடகையும் வாங்காமல் விருந்தும் வைப்பதற்குச் சமம்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடவே முடியாது என்கிறீர்களா? சரி. ஊறப்போட்டு உட்காராமல், சீக்கிரம் தேய்த்து அலசிவிடுங்கள். பொடுகு அடங்கும்வரை அதற்கும் லீவு கொடுத்தால் இன்னும் நல்லது.

எலுமிச்சம்பழம்? ஏற்கெனவே சொறிந்து புண்ணான தோலில் எலுமிச்சை பட்டால் நீங்கள் போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். தயிர், வெந்தயம்? கெடுதல் பெரிதாக இல்லை. பூஞ்சையை அடக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரமும் இல்லை. மோர்க்குழம்புக்கு ஆகும். இயற்கைச் சரக்குகளில் ஓரளவு பரீட்சை பாஸானது டீ ட்ரீ எண்ணெய். 2002-ல் வெளியான ஆராய்ச்சியில் 126 பேரை வைத்துப் பார்த்தார்கள். 5 சதவிகித டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஷாம்பூ போட்டவர்களுக்கு நாலு வாரத்தில் 41 சதவிகித முன்னேற்றம். வெறும் ஷாம்பூ போட்டவர்களுக்கு 11. பாஸ் மார்க்தான், ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லை.

முன்பக்கம் பார்க்காதே, பின்பக்கம் படி!

கடையில் போய் நின்றால் நாற்பது பாட்டில். எல்லாவற்றின் முன்பக்கத்திலும் ஒரு நடிகரின் பளபளா முடி. அவருக்குப் பொடுகு இருந்ததா, யார் கண்டது! பாட்டிலைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. அதில் கீழ்க்கண்ட பெயர்களில் ஒன்று இருந்தால்தான் அது பொடுகு ஷாம்பூ. இல்லாவிட்டால் வாசனைத் தண்ணீர்.

ஜிங்க் பைரிதியோன்: பழைய பெருங்காய டப்பா. 1961-ல் அமெரிக்காவில் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் வந்தது இதை நம்பித்தான். பொதுவாக 1 சதவிகிதம். சாதாரணப் பொடுகுக்கு இதில் ஆரம்பிக்கலாம். ஐரோப்பிய யூனியனில் 2022 மார்ச்சிலிருந்து அழகுசாதனப் பொருட்களில் இதற்குத் தடை. பயப்படவேண்டாம். கழுவிவிடும் ஷாம்பூவில் 1 சதவிகிதம்வரை பாதுகாப்பானதே என்று அவர்களுடைய விஞ்ஞானக் குழுவே 2020-ல் சொல்லியிருந்தது. மாற்று மருந்து இருக்கும்போது இது எதற்கு என்கிற சட்டக் கணக்கில்தான் தடை வந்தது.

பிராக்டோன் ஓலமின்: மேலே சொன்னதற்கு மாற்று. சாந்த சொரூபி. லேசான பொடுகுக்குப் போதும்.

கீட்டோகோனசோல்: இதுதான் தலைமைக் காவலர். நம் மருந்துக்கடைகளில் 2 சதவிகிதத்தில் கிடைக்கும். பூஞ்சையின் மேலுறையையே கட்டவிடாமல் செய்கிற மருந்து. 'கல்லீரலுக்குக் கெடுதலாமே?' என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். 2013-ல் எச்சரிக்கை வந்தது வாயால் விழுங்கும் மாத்திரைக்கு. தலையில் போட்டுக் கழுவும் ஷாம்பூ உடம்புக்குள் போவது இல்லையென்றே சொல்லலாம்.

செலினியம் சல்ஃபைடு: வேலை செய்யும். நாற்றம் கொஞ்சம் உண்டு. குளிக்குமுன் மோதிரம், வெள்ளி அரைஞாண், செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள், கறுத்துவிடலாம்.

சாலிசிலிக் அமிலம், தார் எண்ணெய்: செதில் தடியாக அப்பிக் கிடப்பவர்களுக்கு. பூட்டை உடைத்துக் கொடுத்தால்தான் போலீஸ் உள்ளே போகமுடியும். பூட்டை உடைக்கிற வேலை சாலிசிலிக் அமிலத்துடையது.

கடிகாரம்தான் மருந்து

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர். பெயர் வேண்டாம், 'க' என்று வைத்துக்கொள்வோம். 'க' ஒரு வருஷத்தில் ஆறு பிராண்ட் மாற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை தவிர வேறு போடுவதில்லை என்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். பிரமோஷன் இன்டர்வியூவுக்கு கோட்டு போடச் சொன்னார்கள் என்று இன்டர்வியூவுக்கே போகவில்லை. வெளியே சொன்னது 'காய்ச்சல்'!

கடைசியில் தோல் டாக்டரிடம் போனார். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "ஷாம்பூ தலையில எவ்வளவு நேரம் இருக்கும்?"

"போட்ட உடனே கழுவிடுவேன் டாக்டர். எட்டு அஞ்சு பஸ்ஸைப் பிடிக்கணுமே."

டாக்டர் புதுசாக ஒன்றும் எழுதவில்லை. 'க' வீட்டில் பாதி வைத்திருந்த அதே கீட்டோகோனசோல் பாட்டிலையே தொடரச் சொன்னார். உபயோகிக்கும் முறையை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டின் சாரம் இது:

முதலில் சாதாரண ஷாம்பூவால் எண்ணெய், அழுக்கை அலசுங்கள். பிறகு மருந்து ஷாம்பூவை எடுத்து முடியில் அல்ல, தலைத் தோலில் படும்படி விரல் நுனியால் தேயுங்கள். நகம் வேண்டாம். அப்புறம் மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். பல் தேய்க்கலாம், முழு சினிமாப் பாட்டு ஒன்று பாடலாம். பாட்டு முடிந்ததும் நன்றாக அலசுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, நாலு வாரம். அதற்குப் பிறகு வாரத்துக்கோ பதினைந்து நாளைக்கோ ஒரு முறை.

நாலாவது வாரம் 'க' சாம்பல் நிறச் சட்டையில் வந்தார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. டீக்கு மட்டும் அவர் காசு கொடுத்தார்.

கணக்கு என்ன ஆச்சு?

ஒரு தடவைக்கு 8 மில்லி என்று வையுங்கள். நாலு வாரத்தில் எட்டுக் குளியல், 64 மில்லி. 100 மில்லி பாட்டிலில் மீதி 36. பதினைந்து நாளைக்கு ஒரு முறை என்றால் இன்னும் இரண்டு மாசம் வரும். ஆக, ஒரு பாட்டில், மூன்று மாசம். ஆறு பிராண்ட் மாற்றிய 'க'வின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாஷே வாங்கினால் பரவாயில்லையா? தாராளமாக. சாஷே ஷாம்பூவே நம்ம கடலூர்ச் சரக்கு. சின்னி கிருஷ்ணன் என்பவரின் யோசனை அது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பூ ஆரம்பித்து ஊர் ஊராய்க் கொண்டுபோனார். ஷாம்பூ என்கிற வார்த்தையே மண்டையைப் பிடித்துவிடும் ஹிந்திச் சொல்லிலிருந்து இங்கிலீஷுக்குப் போனதுதான். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டனில் குளியல் நிலையம் வைத்து, ராஜாக்களுக்கே மசாஜ் பண்ணிவிட்டார். உலகத்துக்கே தலை தேய்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, நாம் அரை நிமிஷத்தில் கழுவிக்கொண்டு ஓடலாமா?

பொடுகு மாதிரி இருக்கும், பொடுகு இல்லை!

இதைக் கவனமாகப் படியுங்கள். அரிப்பெல்லாம் பொடுகு இல்லை.

இளநரைக்கு டை அடித்த ஒன்றிரண்டு நாளில் நெற்றியோரம், காது, கழுத்து எல்லாம் அரித்துச் சிவந்து வீங்கினால் அது டை அலர்ஜி. பல டைகளில் இருக்கும் பி.பி.டி. என்கிற ரசாயனம்தான் வழக்கமான குற்றவாளி. பொடுகு ஷாம்பூ உதவாது, டையை நிறுத்தவேண்டும். அடுத்த தடவை இன்னும் மோசமாக வரும்.

வெள்ளி மாதிரி தடித்த செதில், முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வருகிறது, முழங்கை முழங்காலிலும் இருக்கிறது என்றால் சொரியாசிஸாக இருக்கலாம். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் மட்டும் அரிப்பு என்றால் வெட்கப்படாமல் பேன் பாருங்கள். புருவம், மூக்கோரம், நெஞ்சு என்று மஞ்சள் செதிலும் சிவப்பும் பரவினால் அது பொடுகின் பெரியண்ணன். டாக்டர் பார்க்கட்டும். வட்டமாக முடி கொட்டினாலும், சீழ் வைத்தாலும், நாலு வாரம் ஒழுங்காகப் போட்டும் அசையாவிட்டாலும் அவரிடமே போங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட ஸ்டீராய்டு க்ரீமை மட்டும் கடன் வாங்கிப் பூசாதீர்கள். முதல் வாரம் சொர்க்கம் மாதிரி இருக்கும். போகப்போகத் தோல் மெலிந்துவிடும்.

'பொடுகால் வழுக்கை விழுமா?' என்பது எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. வழுக்கை பெரும்பாலும் பரம்பரைச் சொத்து. பொடுகுக்கு அதில் பங்கில்லை. ஆனால் வறட்டு வறட்டென்று சொறிந்தால் கூடுதலாகக் கொஞ்சம் முடி உதிரத்தான் செய்யும்.

கடைசியாக ஒரு வார்த்தை. பொடுகு ஒரேயடியாக ஒழிகிற சமாச்சாரம் இல்லை. மன அழுத்தம், தூக்கமின்மை, உடம்பு சரியில்லாமை என்று ஏதாவது வந்தால் குடித்தனக்காரர் மறுபடி வாலாட்டுவார். 'நிரந்தரத் தீர்வு, மூன்றே நாளில்' என்று யாராவது போர்டு வைத்திருந்தால், சைக்கிளை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். கரண்ட் பில் கட்டுகிற மாதிரி, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, ஐந்து நிமிஷம். காலண்டரில் சுழித்து வையுங்கள்.

பாத்ரூம் கதவை யாராவது தட்டினால், 'டாக்டர் சொல்லியிருக்கார்' என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுங்கள். பாட்டை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள்!