கேஸ் போட்டும் குளிராத கார் ஏ.சி.! பணம் கரைகிறது, ஓட்டை மட்டும் அப்படியே!

காரைக்குடி செக்காலை ரோட்டில் சித்திரை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய பழைய கார் ஒன்று. ஏ.சி. சுவிட்ச் போட்டாயிற்று. காற்று வருகிறது. குளிர்ச்சி? அதுதான் இல்லை!

பின் சீட்டில் இருக்கும் ஆச்சி 5 நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு முந்தானையால் விசிறத் தொடங்கி விடுவார். “போன மாசம்தானே கேஸ் போட்டோம்?” என்று வண்டிக்காரர் தலையைச் சொறிவார்.

கோடை வந்தால் பழைய கார் வைத்திருப்பவர்கள் பாடு இதுதான். வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கோ இது வெறும் புழுக்கம் அல்ல, பிழைப்பு! ஏ.சி. வேலை செய்யவில்லை என்றால் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிய வெளியூர்க்காரர் வேறு காரைக் கூப்பிட்டு விடுவார்.

கேஸ் என்ன பெட்ரோலா?

ஓட ஓட தீர்ந்து போக ஏ.சி. கேஸ் பெட்ரோல் அல்ல. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியே ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கசியும். அது சகஜம். ஒரே மாதத்தில் காலியானால் எங்கோ ஓட்டை என்று பொருள்.

ஓட்டையை விட்டுவிட்டு கேஸ் மட்டும் போடுவது, பொத்தல் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. அதைவிட மோசம் ஒன்று உண்டு. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேசோடு சேர்ந்துதான் ஓடுகிறது. கசியும் கேஸ் எண்ணெயையும் கொண்டு போய்விடும். ஒருநாள் கம்ப்ரசர் “கிர்ர்” என்று கத்தி இறுகிப்போகும். ஓ-ரிங் மாற்றிச் சரிசெய்ய வேண்டிய வேலை கம்ப்ரசர் செலவாகி விடும்!

முதலில் காது கொடுங்கள்!

எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டால் பானெட்டுக்கு அடியில் “டக்” என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டுகிற சத்தம் அது. கேட்கவில்லையா? பியூஸ், ரிலே, கிளட்ச் காயில், பிரஷர் சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கேஸ் குறைந்தால் இந்தப் பிரஷர் சுவிட்ச்தான் கம்ப்ரசரை நிறுத்திக் காப்பாற்றுகிறது. வயரைச் சேர்த்து முறுக்கி அதை ஏமாற்றி ஓட்டுவது கம்ப்ரசருக்குக் கொள்ளி வைப்பது.

ரோட்டில் ஓடும்போது குளிர்கிறது, ரெயில்வே கேட்டில் நின்றால் சூடாகிறது என்றால் கண்டென்சர் பேன்மீது சந்தேகப்பட வேண்டும். முகப்பில் இருக்கும் கண்டென்சரில் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இதே கதைதான். மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினாலே பாதி நோய் தீரும்.

அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்து போனால்? கூலிங் காயிலில் பனிக்கட்டி பிடிக்கிறது. தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும்.

மீட்டர் சொல்லும் பொய்

நிறுத்திய வண்டியில் மீட்டரை மாட்டி, “கேஸ் புல்லா இருக்குண்ணே” என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது. 134ஏ என்ற கேஸ் 30 டிகிரி வெப்பத்தில் 100 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். உள்ளே கால் கிலோ இருந்தாலும் அரைக் கிலோ இருந்தாலும் அதே முள், அதே இடம்!

எஞ்சின் ஓடும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. தாழ்ந்த பக்கம் ஏறி, உயர்ந்த பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. இரண்டும் எகிறினால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சரில் காற்றோட்டம் இல்லை. ஆமாம், கேஸ் அதிகமானாலும் குளிராது!

ஓட்டை எங்கே?

எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய இடம் முதல் சாட்சி. பிறகு நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். குமிழி கிளம்பினால் ஆள் அகப்பட்டான்!

டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்தான் சிக்கல். ஈரமும் தூசியும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இதே காரைக்குடியில்தான் இருக்கிறது. ஆனாலும் டாஷ்போர்டுக்குள் நடக்கும் அரிப்பு, அதைக் கழற்றும்வரை யார் கண்ணுக்கும் படுவதில்லை. அதைக் கழற்றிப் பூட்டும் கூலியே ஒரு தொகை.

ஓட்டையை அடைத்ததும் டிரையரை மாற்ற வேண்டும். பிறகு குறைந்தது அரைமணி நேரம் வேக்கம் போட்டு உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். பம்பை நிறுத்திய பின் முள் அசையாமல் நின்றால்தான் கேஸ். அதுவும் கண்மதிப்பில் அல்ல. பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி, தராசில் வைத்து! அவசரக் கடைகளில் முதலில் காணாமல் போவது இந்த அரைமணி நேரம்தான்.

அந்தக் காலத்துக் கேஸ்

1980களின் கார்களில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-ல் மாண்ட்ரீலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. 2010-க்குள் இந்தியாவும் அதைக் கைவிட்டது. அந்த வண்டிக்கு 134ஏ போடலாம். ஆனால் பழைய எண்ணெய் அதோடு கலக்காது. எண்ணெய், ஓ-ரிங், டிரையர் மூன்றையும் மாற்றாமல் போட்டால் பணம் தண்டம்.

134ஏ-யும் சாது அல்ல. ஒரு கிலோ வெளியேறினால் சுமார் 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்கு பூமியைச் சூடாக்கும். அதை ரோட்டில் “புஸ்” என்று திறந்துவிடாமல் மெஷினில் உறிஞ்சி எடுக்க வேண்டும். திரவமாகத் தெறித்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மலிவு என்று எரியும் கேசை ஏற்றுவதோ, ஆட்கள் உட்காரும் இடத்துக்குள் நெருப்பை வைத்துக்கொள்வது!

வேலை ஒழுங்காக முடிந்தால் வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். சிலர் அதைப் பார்த்துப் பதறி மறுபடியும் மெக்கானிக்கிடம் ஓடி வருவதுண்டு. காற்றில் இருந்த ஈரம்தான் அது. தண்ணீர் ரோட்டில் விழாமல் முன் சீட்டுக்காரர் காலில் விழுந்தால் மட்டும், வடிகுழாயில் அடைப்பு. அதற்குக் கேஸ் வேண்டாம். குழாயைக் குத்திவிட்டால் போதும்.