நெடுங்காலச் சிறையும் உளநலப் பேணலும்

குற்றவாளியெனக் கண்டு சிறையிடப்படும் ஒருவனிடமிருந்து சட்டம் பறிப்பது அவனுடைய நடமாடும் உரிமையையே. அவனது உளநலம் தண்டனையின் பகுதியாகத் தீர்ப்பில் எழுதப்படுவதில்லை. ஆயினும் நெடுங்காலச் சிறை உளத்தைத் தீண்டாது விடுவதும் இல்லை. ஆறு திங்கள் மறியலுக்குச் சென்றவன் விடுதலை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் காலத்தைக் கழித்துவிடுகின்றான். அவன் விட்டுவந்த வீடும் முற்றமும் பெரிதும் மாறாமல் அவனுக்காகக் காத்திருக்கின்றன. இருபது ஆண்டு பெற்றவனுக்கு இவ்வெண்ணிக்கை உதவாது. திரும்பும்போது தாய் இருப்பாளோ, பிள்ளைகள் தன்னை அடையாளங் காண்பரோ என்பது ஐயம். ஆதலின் நெடுங்காலச் சிறையை அளவில் நீண்ட சிறை என்று மட்டும் கொள்ளுதல் தவறு. அது தன்மையிலேயே வேறானது.

இலங்கையில் இவ்வேறுபாடு விசித்திரமானதொரு வடிவம் பெற்றுள்ளது. மரண தண்டனை சட்டத்தில் உண்டு. நீதிமன்றங்கள் அதனை விதித்தும் வந்துள்ளன. ஆனால் 1976 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் பின் எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை. எனவே மரண தண்டனை பெற்றவர் அனுபவிப்பது, முடிவு இன்னதென்று அறியப்படாத சிறைவாசமாகிவிட்டது. 2019 இல் நால்வரைத் தூக்கிலிடும் ஆணைகளிற் கையொப்பமிட்டுவிட்டதாக அன்றைய சனாதிபதி அறிவித்தார். உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்நால்வர் யாவர் என்பது வெளியிடப்படவில்லை. அத்தண்டனை பெற்றிருந்த நூற்றுக்கணக்கானோரில் ஒவ்வொருவரும் தம்மையே நால்வருள் ஒருவராக எண்ணி எத்தனை இரவுகளைக் கழித்திருப்பர் என்பதை ஊகித்தல் அரிதன்று. இவ்வகை வேதனையை இந்திய உச்ச நீதிமன்றம் 1983 ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டு வழக்கொன்றில் எடைபோட்டது. ஏறத்தாழ எட்டாண்டுகள் தனிமையில் வைக்கப்பட்டிருந்த அக்கைதியின் மரண தண்டனை ஆயுட் சிறையாகக் குறைக்கப்பட்டது. 2014 இல் அதே நீதிமன்றம், தண்டனையின் பின் ஏற்பட்ட உளநோயும் உயிர்த்தண்டனையைக் குறைப்பதற்குத் தகுந்த காரணமே எனத் தீர்த்தது.

நெடுங்காலக் கைதியின் உள்ளத்தில் நிகழ்வது யாது? ஸ்ரான்லி கோகன், லோறி ரெயிலர் என்னும் சமூகவியலாளர் இருவர், டர்ஹாம் சிறையின் கடுங்காவற் பிரிவில் வகுப்பு நடாத்தச் சென்றவிடத்துக் கண்டவற்றை 1972 இல் நூலாக வெளியிட்டனர். அங்கிருந்தோரை வாட்டிய பெரும் அச்சம், தம் அறிவும் ஆளுமையும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன, அத்தேய்வைத் தாமே உணராமற் போய்விடுவோம் என்பதாகும். இவ்வச்சம் நோயன்று, ஆனால் நோய்க்கு வாயில். உறக்கமின்மை, எவரோடும் பேசாமை, உணவை ஒதுக்குதல் எனத் தொடங்குவது கடுஞ்சோர்வு நோயாகவும் தற்கொலை எண்ணமாகவும் முற்றக்கூடும். மேலைநாடுகளிலே 23,000 அளவிலான கைதிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2002 இல் வெளிவந்த கட்டுரையொன்று, ஏழு பேருக்கு ஒருவர் சித்தப்பிரமை சார்ந்த நோயோ கடுஞ்சோர்வு நோயோ உடையவர் எனக் கண்டது.

நம்மவர் வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1908 இல் நாற்பது ஆண்டுத் தண்டனை பெற்ற வ. உ. சிதம்பரம்பிள்ளை, கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். அந்நிலையிலும் ஜேம்ஸ் அலனின் நூலொன்றை ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார். அதே காலத்தில் வங்காளத்து உல்லாஸ்கர் தத்தர் அந்தமான் தனியறைச் சிறையிற் சித்தங் கலங்கி, ஈற்றில் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். முன்னவர் மனவலிமை மிக்கவர், பின்னவர் அஃதற்றவர் என்று கூறுவது எளிது, அது நியாயமன்று. சிதம்பரனாருக்கு நூல்கள் கிட்டின. மேன்முறையீட்டினால் தண்டனை குறைந்துகொண்டே வந்து 1912 இல் விடுதலையும் கிட்டியது. அந்தமானிலோ கடலுக்கப்பால், உற்றார் முகங்காணாத் தனிமை. வீட்டுக்கு எழுதக் கிடைத்தது ஆண்டுக்கொரு கடிதம். உள்ளத்தின் உறுதி உள்ளத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை.

சிறைக்குள் நோயுற்றோரைப் போலவே, நோயினாலேயே சிறைக்கு வந்தோரும் உளர். செய்கையின் தன்மையை அறியவொண்ணாச் சித்தக்கேட்டில் இழைத்தது குற்றமாகாது என இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவு கூறும். சட்டம் தெளிவாக இருந்தாலும் ஏடுகள் மனிதரை மறந்துவிடுகின்றன. அசாம் மாநிலத்துப் பழங்குடியினர் ஒருவர் 1951 இற் கைதாகி, விசாரணையின்றியே மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967 இல் அவர் நலமடைந்தார் என மருத்துவர் சான்று அளித்தனர். சான்று பெற்றவரை வீட்டுக்கு அனுப்பாமல் சிறைக்கு மாற்றினர்! 2005 இல், ஐம்பத்து நான்கு ஆண்டுகளின் பின், ஒரு ரூபாய்ப் பிணைமுறியில் அவர் வெளிவந்தார்.

அங்ஙனமாயின் பேணல் என்பது யாது? மருந்து அதில் ஒரு பகுதியே. 1955 இல் முதன்முதல் வகுக்கப்பெற்று, 2015 இல் நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஐக்கிய நாடுகள் சபை திருத்தியமைத்த விதிகள் இதனை விரித்துரைக்கின்றன. பதினைந்து நாளுக்கு மேற்பட்ட தொடர் தனிமைச் சிறையை அவை தடுக்கின்றன. கடும் உளநோயாளரைச் சிறையில் வைத்திராது உளநல நிலையங்களுக்கு மாற்றுமாறு கூறுகின்றன. மருத்துவர் ஒழுக்காற்றுத் தண்டனை விதிப்பதிற் பங்குகொள்ளலாகாது எனவும் விதித்துள்ளன. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. தன்னைத் தண்டிக்க உதவுபவரென்று ஐயுறும் மருத்துவரிடம் எக்கைதியும் தன் உள்ளத்தைத் திறவான். திறவாத உள்ளத்துக்கு மருந்தும் இல்லை.

அவ்விதிகளுள் 59 ஆவது விதி, இயன்றவரை கைதியை அவன் வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறையில் வைக்கவேண்டும் என்பது. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த அன்புவழிபுரத்திலிருந்து நோக்கின் இதன் பொருள் நன்கு விளங்கும். திருகோணமலை நகரில் உள்ளது விளக்கமறியற்சாலை. நீண்ட தண்டனை பெற்றவர் வைக்கப்படும் பெருஞ்சிறைகளோ தொலைவில் உள்ளன. அவற்றுள் 1841 இல் எழுந்த வெலிக்கடை கொழும்பில் இருக்கின்றது. அன்புவழிபுரத்துத் தாயொருத்தி கூலிவேலையை விட்டு, வழிச்செலவுக்குக் கடன்பட்டு, ஏறத்தாழ 250 கிலோமீற்றர் கடந்து சென்று மகனைச் சில நிமிடம் காண்பதென்றால், முதலாண்டில் மாதந்தோறும் செல்வாள். ஐந்தாம் ஆண்டில் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் செல்வாள். பத்தாம் ஆண்டில் முழங்கால் இடங்கொடாது. அன்பு குறைந்ததனால் அன்று, தூரம் குறையாததனால் வருகை நின்றுவிடுகின்றது. அவ்வருகையை நாளெண்ணிக் காத்திருந்தவனுக்கு எண்ணுதற்கு யாதும் எஞ்சுவதில்லை. கடுஞ்சோர்வுக்கு மருத்துவர் தரும் மாத்திரை இவ்விழப்பை ஈடுசெய்யாது.

தொலைவோடு மொழியும் சேருகின்றது. உடல்நோயை இரத்தச் சோதனை காட்டும். உளநோயை நோயாளியின் சொல்லே காட்டவேண்டும். தமிழ் ஒன்றே அறிந்தவன் சிங்களமே வழங்கும் விடுதியில், ‘நெஞ்சு பாரமாக் கிடக்கு’ என்று கூறினால், மொழிபெயர்ப்பவன் அதனை இதயநோயாக்கிவிடவும் கூடும். மொழிபெயர்ப்பவன் இன்னொரு கைதியெனின், கூறவேண்டியதைக் கூறாமலே விடுதலும் நிகழும்.

அங்கொடை மனநல வைத்தியசாலையை நாடு முழுவதும் நம்பியிருந்த நிலையை மாற்றி, உளமருத்துவத்தை மாவட்டங்களுக்குப் பரவச்செய்தல் 2005 இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கையின் நோக்கமாகும். இந்தியாவின் 2017 ஆம் ஆண்டுச் சட்டமோ, மாநிலந்தோறும் ஒரு சிறையிலேனும் உளநல நிலையம் அமையவேண்டும் என்கின்றது. சிறைக்குள் நுழையும் நாளிலேயே உளநிலையைச் சோதித்தல், தாய்மொழியிற் பேசும் மருத்துவர் குறித்த நாளில் தவறாது வருதல், கைத்தொழிலும் நூல்நிலையமும் பெயரளவில் இல்லாதிருத்தல், ஆயுட் கைதியின் தண்டனையைக் குறித்த கால இடையீட்டில் மீளாய்வு செய்து முடிவை அவனுக்கே அறிவித்தல் ஆகிய யாவும் பெருஞ்செல்வம் வேண்டாதவை. கடைசியிற் கூறியதற்குச் செலவே இல்லை. ஆயினும் அதுவே மிக அருமையாகக் கிடைப்பது.

விடுதலையடைவோன் விடயத்தில் இன்னொன்று கவனிக்கத்தக்கது. சிறையில் மருந்துண்டு வந்தவன் வாயிலைக் கடந்த அன்றே மருந்தையும் இழக்கலாகாது. அவன் உண்ட மருந்தையும் நோயின் வரலாற்றையும் எழுதிய கடிதம் ஊர் வைத்தியசாலைக்கு அவனுக்கு முன்னரே சேர்ந்திருத்தல் வேண்டும். தாயிடமோ சகோதரியிடமோ, அவன் சிலகாலம் கதவைத் தானே திறக்கத் தயங்குவான், கூட்டத்தை அஞ்சுவான், பகலில் உறங்குவான் என்று எவரேனும் முற்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும்.