பலாச்சுளை சொன்ன பொய்

இனிப்புநீர் உள்ள என் தாயார், பலாச்சுளை தின்ற கையோடு விரலைக் குத்தி இரத்தம் பார்த்தார். கருவி 18 காட்டியது! இன்சுலினைக் கூட்டிப் போட எழுந்துவிட்டார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தேன்: 7.

கருவியில் பழுதில்லை. இரத்தம் தொடும் சிறு பட்டையில் மின்முனை உண்டு. அதன்மேல் நொதி ஒன்று பூசியிருக்கும். அது சீனியிடமிருந்து எலெக்ட்ரான் என்னும் மின்துகள்களைப் பிடுங்கும். அவற்றை மின்முனையில் கொண்டுசேர்க்க இடையில் ஓர் ஆள் வேண்டுமே! 1984இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஃபெரோசீன் என்னும் இரும்புச் சேர்மத்தை அந்த வேலைக்கு அமர்த்திக் காட்டினர். சீனி கூடினால் மின்னோட்டம் கூடும். விரலில் ஒட்டிய பழச்சீனி எது, இரத்தச் சீனி எது என்று நொதிக்குத் தெரியாது.

ஈரமும் அந்தப் பூச்சைக் கெடுக்கும். பட்டைப் புட்டியை உடனே மூடிவிடுங்கள், தாய்மார்களே. அடுப்பங்கரையில் வைக்க வேண்டாம்.