பூட்டிய வீடும் கரிசல் மழையும்

கயத்தாறு, கடம்பூர், கோவில்பட்டிப் பக்கம் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளை வெயிலைவிட மழைதான் அதிகம் கெடுக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 650 மி.மீ. தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பிழைப்புக்காகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் பொங்கலுக்கு வந்து கதவைத் திறந்தால், முதலில் வருவது பூசண வாடை.

பூசணத்தின் வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் உண்டு. அவை முளைக்க ஈரம் மட்டுமே தேவை. நனைந்த துணியிலும் பலகையிலும் ஓரிரு நாளில் பிடித்துவிடும். மழை நேரடியாகப் படாவிட்டாலும், காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் போதும். ஆள் புழங்கும் வீட்டில் கதவும் மின்விசிறியும் அந்த ஈரத்தை வெளியேற்றிவிடும்; பூட்டிய வீட்டில் அது அப்படியே தங்கும்.

தண்ணீர் இறங்கும் முதல் வழி மொட்டைமாடி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று, வேப்பஞ்சருகையும் கரிசல் புழுதியையும் மாடியில் கொண்டுவந்து சேர்க்கிறது. முதல் மழையில் அவை வடிகுழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 9,300 லிட்டர். 2023 டிசம்பரில் இதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டி, குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசு, ஆலங்கன்றுகளை இளசாக இருக்கும்போதே வேரோடு எடுப்பது அவசியம். மேலே வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும்.

இரண்டாவது வழி அடியிலிருந்து வருகிறது. கரிசலில் உள்ள மான்ட்மோரிலோனைட் என்ற களிக்கனிமம் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அடித்தளத்தின் ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் சுவர் ஒருபுறம் தூக்கப்பட்டு, சன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல் விடும். அடுத்த மழை அதன் வழியே உள்ளே இறங்கும். மாடித் தண்ணீர் சுவரடியில் விழாமல் குழாய் மூலம் தள்ளி விடுவதும், வீட்டைச் சுற்றி வெளிச்சாய்வாக சிமெண்டுத் தளம் போடுவதும் இதற்காகத்தான். குழாய்க் கசிவும் இதே கேட்டைச் செய்யும்; எனவே ஊருக்குக் கிளம்புமுன் மாடித் தொட்டியைக் காலி செய்து, தெருக்குழாய் இணைப்பின் வால்வையும் அடைத்துவிடுவது நல்லது.

பழைய சுண்ணாம்புச் சுவர்கள் இந்த மண்ணுக்கு ஏற்றவை. ஓதம் ஏறினாலும் மூச்சுவிட்டுக் காய்ந்துகொள்ளும். சுண்ணாம்பின் காரத்தில் பூசணமும் எளிதில் பிடிக்காது. அதன்மேல் எண்ணெய் வர்ணம் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, காரை பொரிந்து உதிரும்.

உள்ளே கட்டில், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். மெத்தைகளைத் தரையில் போட்டு வைக்கக் கூடாது. பாச்சை உருண்டை பூச்சியை விரட்டும், பூசணத்தைத் தடுக்காது. மேலே உள்ள காற்றுத் துவாரங்களை மூடாமல் கம்பிவலை அடித்து விட்டால் போதும்.

பூசணம் பிடித்துவிட்டால் கசிவை நிறுத்திய பிறகே சுத்தம் செய்ய வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பம் வித்துகளை வீடெங்கும் பரப்பும். கறைமேல் வர்ணம் அடிப்பதில் பயனில்லை.

வெளியூரில் இருப்பவர்கள் ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் கதவு சன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.