நாலு நெகடிவ், ஒரு வானம்

மங்கலான காலக்ஸியை பிலிமில் பிடிக்க என்ன வழி? "ஷட்டரை ராத்திரி முழுக்கத் திறந்து வச்சாப் போச்சு" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நேரம் நீள நீள பிலிமின் உணர்திறன் குறைகிறது! வானத்தின் சொந்த வெளிச்சம் வேறு நெகடிவைக் கருக்கிவிடும்.

அதனால் ஒரே இடத்தை நாலு நெகடிவில் எடுத்தார்கள். நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் உட்காரும்படி வைத்து, ஒவ்வொன்றாக ஒரே பிலிமில் நகல் எடுத்தார்கள். முடி அளவு நகர்ந்தாலும் போச்சு!

சூட்சுமம் இதுதான். வெள்ளித் துகள்கள் ஒவ்வொரு நெகடிவிலும் வேறு வேறு இடத்தில் தாறுமாறாகக் கிடக்கும். காலக்ஸியோ எல்லாவற்றிலும் அதே இடத்தில். நாலையும் கூட்டினால் காலக்ஸி 4 பங்கு, துகள் இரைச்சல் 2 பங்குதான். வர்க்கமூலம்! கணக்கில் அரியர் வைத்த எனக்கே புரிந்தது.

ஒரே நெகடிவில் தெரியும் புகைத்திட்டு, வெறும் அழுக்காகவும் இருக்கலாம். நாலிலும் இருந்தால்தான் நம்பலாம்.

இதில் கில்லாடி, ஆஸ்திரேலியாவில் சைடிங் ஸ்பிரிங் மலையில் வேலை பார்த்த டேவிட் மாலின். அடிப்படையில் கெமிஸ்ட்! மங்கலைத் தூக்கிக் காட்டும் அவரது நகல் முறையால் 1986-ல் சிக்கிய ராட்சத காலக்ஸிக்குப் பெயரே 'மாலின் 1'. நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது.

இப்போது பிலிமுக்குப் பதில் கம்ப்யூட்டரே அடுக்கிவிடுகிறது, கணக்கு அதேதான்.

பள்ளிக்கூடமே போகாத அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அங்கயும் நாலு பேர் சொன்னாத்தான் நம்புவாங்களாடா?" என்று சிரித்தார்.