10 நிமிட உடற்பயிற்சி போதுமா? ‘ஹிட்’ தரும் பலன் என்ன, யாருக்கு ஆபத்து?

“ஜிம்முக்குப் போகணும்னு ஆசைதான், ஆனா டைம் எங்க இருக்கு?” வேலைக்குப் போகும் பலரும் சொல்லும் காரணம் இது. இவர்களுக்காகவே ‘ஹிட்’ எனப்படும் அதிதீவிர இடைவெளிப் பயிற்சியை ஃபிட்னஸ் ஆப்களும் ரீல்ஸும் கையில் எடுத்திருக்கின்றன. நிஜமாகவே 10 நிமிடம் போதுமா?

ஹிட் என்றால் என்ன?

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் அளவுக்கு வேகம், பிறகு மெதுவாக ஓர் இடைவெளி, மீண்டும் வேகம். அவ்வளவுதான். ஓட்டம், சைக்கிள், படியேறுதல், ஸ்கிப்பிங் என எதிலும் செய்யலாம். வேகமாகச் செய்யும்போது இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால், சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆய்வு என்ன சொல்கிறது?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு 2016-ல் வெளியானது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத ஆண்களில் ஒரு குழு 50 நிமிடம் மிதமாக சைக்கிள் மிதித்தது. இன்னொரு குழுவுக்கு மொத்தமே 10 நிமிடம்தான். அதிலும் முழு வேகம் வெறும் 20 விநாடி, மூன்று முறை. வாரம் 3 நாள் வீதம் 12 வாரம் முடிந்தபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இரு குழுவுக்கும் ஒரே மாதிரி சுமார் 19 சதவீதம் கூடியிருந்தது. இன்சுலின் செயல்பாடும் மேம்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் சொல்லும் செய்தி பெரியது.

எப்படிச் சாத்தியம்?

திடீர் வேகத்துக்குத் தேவையான ஆற்றலைத் தர தசைகள் திணறுகின்றன. அடுத்த முறை சமாளிக்க, செல்களின் ‘பவர் ஹவுஸ்’ ஆன மைட்டோகாண்ட்ரியாவை உடல் பெருக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை வெளியேற்ற இதயமும் பழகுகிறது.

தொப்பை குறையுமா?

குறையலாம். ஆனால் ‘பயிற்சி முடிந்த பிறகும் நாள் முழுக்கக் கொழுப்பு எரியும்’ என்பது மிகைப்படுத்தல். அந்தக் கூடுதல் கலோரி மிகக் குறைவு. கொழுப்பைக் குறைப்பதில் ஹிட்டும் மிதமான பயிற்சியும் ஏறக்குறைய சமம்தான். சாப்பாட்டிலும் கவனம் தேவை.

யாருக்கு எச்சரிக்கை?

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மூட்டுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தாலும் அப்படியே. பயிற்சியில் நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி பெறுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

எடுத்த எடுப்பில் பர்பீஸ் வேண்டாம். ஜப்பானில் பிரபலமான முறையில் 3 நிமிடம் வேக நடை, 3 நிமிடம் மெதுநடை என 5 சுற்று நடக்கலாம். உடல் பழகியதும் ஹிட்டுக்கு மாறலாம். வாரம் 2, 3 நாள் போதும். நடுவில் ஓய்வு நாள் அவசியம். வார்ம்-அப்பை ஸ்கிப் பண்ணாதீர்கள்.

ஹிட்டில் மிச்சமாவது நேரம் மட்டும்தான், உழைப்பு இல்லை. அதற்குத் தயார் என்றால், இனி ‘டைம் இல்ல’ என்று சொல்ல முடியாது!